சட்ட உதவி வழக்கறிஞர் நீதிபதி ஆவதற்கு இரண்டு வாசல்

கேட்கப்பட்ட கேள்வி இது: “என் அக்காள் மகள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். இப்போது ஆறாம் படிவம். ‘ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடுற லாயராகணும், அப்புறம் நீதிபதி ஆகணும்’ என்கிறாள். இது நடக்கிற காரியமா? எத்தனை வருஷம் ஆகும்? நாங்கள் எப்போது என்ன முடிவு எடுக்கணும்?”

நடக்கிற காரியம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இதை ஒரே ஏணியாக நினைத்துக்கொள்கிறார்கள். முதல் படி சட்ட உதவி, அடுத்தது மாஜிஸ்திரேட், அப்புறம் செஷன்ஸ், கடைசியில் உயர்நீதிமன்றம் என்று கணக்கு. மலேசியாவில் அப்படி ஒரே ஏணி கிடையாது. மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் அரசாங்கச் சம்பளம் வாங்கும் அதிகாரிகள். 1948ஆம் ஆண்டு கீழ்நிலை நீதிமன்றச் சட்டப்படி நீதித்துறை, சட்டத்துறைச் சேவையில் இருப்பவரைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியும். மாஜிஸ்திரேட் என்பது இளம் பட்டதாரிகள் நுழைகிற பதவி. பதினைந்து வருஷம் வெளியே வழக்காடிவிட்டு அந்தப் பதவிக்குப் போனால், புதிதாகப் பட்டம் வாங்கியவரோடு அடிமட்டத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அனுபவமுள்ள தனியார் வழக்கறிஞருக்கு இருக்கிற வாசல் வேறு. அது நேரே உயர்நீதிமன்றத்தில் திறக்கிறது. ஆக வாசல் இரண்டு. எதில் நுழைவது என்பதை முப்பது வயதுக்குள் முடிவு பண்ணிவிடுவது நல்லது.

அதற்கு முன்னால் ‘சட்ட உதவி லாயர்’ என்றால் யார் என்று பார்த்துவிடலாம். இந்தப் பெயருக்குள் மூன்று வேறு வேறு வேலை இருக்கிறது.

முதலாவது, சட்ட உதவித் துறை, மலாயில் ஜாபாத்தான் பந்துவான் குவாமான். 1970இல் பணியகமாகத் தொடங்கியது, 1971ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்பு, தத்து, சொத்துப் பிரிப்பு, ஷரியா வழக்கு இவைதான் இங்கே அதிகம். குற்ற வழக்கில் பங்கு குறைவு. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்காகத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடுவதுதான் அதில் முக்கியம். இங்கே இருப்பவர்கள் மாதச் சம்பள அதிகாரிகள். பேராக் மாநிலத்துக்கு ஈப்போவில் கிளை இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், ஆனால் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவருக்கு அது தூரம்தான்.

இரண்டாவது, வழக்கறிஞர் மன்றம் நடத்துகிற சட்ட உதவி மையங்கள். வழக்காடுபவர்கள் தொண்டர்கள். தீபகற்ப மலேசியாவில் தொழில் செய்யும் ஒவ்வொரு வழக்கறிஞரும் வருஷத்துக்கு 100 ரிங்கிட் இந்த நிதிக்குக் கட்டுகிறார்.

மூன்றாவது, தேசிய சட்ட உதவி அறக்கட்டளை. மலாய்ப் பெயரின் சுருக்கமாக வை.பி.ஜி.கே. என்று சொன்னால் நீதிமன்ற வாசலில் எல்லாருக்கும் தெரியும். 2011இல் அமைத்து 2012 ஏப்ரலில் வேலையைத் தொடங்கினார்கள். கைது, தடுப்புக்காவல், ஜாமீன், குற்ற வழக்கு விசாரணை இதன் வேலை. வழக்கறிஞருக்கு ஒரு காரியத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கிடைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. உதவி மலேசியக் குடிமக்களுக்கு, அதுவும் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு. மூன்று தலைமுறையாக இதே லயத்தில் இருந்தும் குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கிற பெரியவர் இந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறார். தோட்டப் பக்கத்து வழக்கறிஞர் முதலில் மோதிக்கொள்கிற சுவர் இது.

ஆக, சட்ட உதவியையே முழுநேர வேலையாகச் செய்து சம்பளம் வாங்க வேண்டும் என்றால் முதல் இடம்தான். மற்ற இரண்டையும் எடுப்பவர் வீடு வாங்கல் விற்றல், விபத்து இழப்பீடு என்று ஒரு பக்கம் சம்பாதித்துக்கொண்டு, இன்னொரு பக்கம் இதைச் செய்கிறார்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழிக்குக் கிரெடிட் இல்லாவிட்டால் அரசாங்க வாசல் அப்போதே மூடிக்கொள்ளும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். நன்றாக வந்தால் மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.யூ.எம். போன்ற இடங்களில் நான்கு வருஷச் சட்டப் படிப்பு. இந்தப் பட்டங்களுக்கு மேலே வேறு தேர்வு வேண்டியதில்லை. தனியார் கல்லூரி வழியாக இங்கிலாந்துப் பட்டம் எடுத்தால் மூன்று வருஷத்தில் முடியும், ஆனால் இங்கிலாந்தின் பாரிஸ்டர் தகுதி எடுக்காதவர் பிறகு சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வை எழுத வேண்டும். பொதுத்தாள், சாட்சியச் சட்டம், குற்றவியல் நடைமுறை, சிவில் நடைமுறை, தொழில் நடைமுறை என ஐந்து தாள், மொத்தம் நான்கு முறைதான் எழுத அனுமதி. மூன்று வருஷம் என்று பார்த்து இந்தப் பக்கம் போய், சி.எல்.பி.யில் மூன்று வருஷம் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கடன் வாங்கிப் படிக்க வைக்கிற குடும்பம் இதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சேம்பரிங். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, குறைந்தது ஏழு வருஷம் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. அந்தக் காலத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது. பயிற்சி தருகிற அந்த ‘மாஸ்டர்’ கொடுக்கிற படிதான் வருமானம். மூன்று மாதம் முடிந்ததும் ‘ஷார்ட் கால்’ என்ற இடைக்கால அனுமதி வாங்கி, சில வகைக் காரியங்களுக்கு நீதிமன்றத்தில் நிற்கலாம். கட்டாயச் சட்ட உதவிப் பணியும் இந்த ஒன்பது மாதத்துக்குள்தான். அரசாங்க வேலைக்குப் போவதற்குச் சேம்பரிங் கட்டாயமில்லை. இருந்தாலும் முடித்துவிட்டுப் போகச் சொல்வேன். பின்னால் அரசாங்கத்தை விட்டு வெளியே வரவேண்டியிருந்தால் தலைவலி இருக்காது. அதைவிட, குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பழக்கம் அந்த ஒன்பது மாதத்தில் கிடைப்பதுபோல் பிறகு எங்கும் கிடைக்காது.

அந்த வேலை எப்படியிருக்கும் என்பதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். காலை ஒன்பது மணி, மாஜிஸ்திரேட் நீதிமன்றம். இருபது வயதுப் பையனைக் கைவிலங்கோடு கொண்டு வருகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைப் பழம் திருடியதாகக் குற்றவியல் சட்டம் 379ஆவது பிரிவு. அதிகபட்சம் ஏழு வருஷச் சிறை. பதினான்கு வருஷத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்பதால் போலீஸ் கேட்கிற தடுப்புக்காவல் முதல் தடவை நான்கு நாள், இரண்டாம் தடவை மூன்று நாள், அதற்குமேல் இல்லை. கைதாகி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவந்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். குற்றச்சாட்டு வாசிக்கிற நாளில் பையனோடு பேசக் கிடைப்பது பத்து நிமிஷம். அதற்குள் கேட்டு எழுத வேண்டியவை: எந்தத் தேதியில் பிடித்தார்கள் (தண்டனையை அந்தத் தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லிக் கேட்பதற்கு), முன்பு ஏதாவது தண்டனை உண்டா, நாள் சம்பளம் எவ்வளவு, யாரை வைத்துக் காப்பாற்றுகிறான், எடுத்த பழத்தின் மதிப்பு எவ்வளவு, அது திரும்பக் கிடைத்ததா, அபராதம் விதித்தால் கட்ட யார் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? வழக்கறிஞர் கஷ்டப்பட்டு வாதாடிச் சிறையை அபராதமாக்குவார். கட்ட ஆள் இல்லாமல் பையன் அதே லாரியில் சிறைக்குத்தான் போவான்.

ஜாமீனும் அப்படித்தான். ஜாமீன்காரர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. குடும்பம் ஆத்திர அவசரத்தில் பாட்டியைக் கூட்டிவரும். பாட்டி கையில் சிவப்பு அட்டை இருக்கும். முதல் நாளே போன் பண்ணி “யார் வரப்போறீங்க, ஐ.சி. என்ன நிறம்?” என்று கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சம்.

இனி முதல் வாசல். பட்டம் வாங்கியதும் நீதி, சட்டச் சேவைக்கு விண்ணப்பிப்பது. மாஜிஸ்திரேட், நீதிமன்றத் துணைப் பதிவாளர், அரசுத் தரப்பு வழக்கறிஞர், சட்ட உதவித் துறை அதிகாரி எல்லாம் நீண்ட காலமாக ஒரே சேவைக்குள் மாற்றிப் போடப்பட்ட பதவிகள். ஈப்போவில் சட்ட உதவி அதிகாரியாக விவாகரத்து மனு எழுதியவர் அடுத்த மாற்றலில் மாஜிஸ்திரேட்டாக உட்காரலாம் என்பது அப்படி வந்த வழக்கம்தான். ஆனால் எந்த இடம் என்பது அவர் கையில் இல்லை. விண்ணப்ப அறிவிப்பு வரும்போது நீதிமன்றப் பக்கத்துக்கு ஆள் எடுக்கிறார்களா, அரசுச் சட்ட அலுவலகப் பக்கத்துக்கா என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும். மாற்றல் சபா மாநிலத்துத் தாவாவ் ஊருக்கும் வரலாம், கோத்தா பாருவுக்கும் வரலாம். ‘பெண் பிள்ளை, ஈப்போவைத் தாண்டக் கூடாது’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள் என்றால் அந்தப் பேச்சை இப்போதே முடித்துவிடுங்கள்.

முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஐந்து வருஷம் வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், பன்னிரண்டு பிரம்படி வரை விதிக்கலாம். சிவில் வழக்கில் 1,00,000 ரிங்கிட் வரை. செஷன்ஸ் நீதிபதிக்கு மரண தண்டனைக் குற்றம் தவிர மற்ற எல்லாம். சிவிலில் பத்து லட்சம் ரிங்கிட், வாகன விபத்து வழக்கு என்றால் வரம்பே இல்லை. இருபத்தாறு வயதில் இவ்வளவு அதிகாரம் கைக்கு வருவது கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம்தான்.

சட்ட உதவியில் பழகியவர் நாற்காலி மாறியதும் எங்கே தடுமாறுகிறார்? மேலே சொன்ன அதே பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர், நம் ஊரில் ஜூருபாசா, குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து “ஒத்துக்கிறியா?” என்கிறார். பையன், “ஆமாங்க, எடுத்தேன். ஆனா மரத்துல வெட்டல, கீழ உதிர்ந்து கெடந்துச்சு, யாரும் வேணாம்னு விட்டதுன்னு நெனச்சேன்” என்கிறான். உதிரிப் பழமும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். ஆனால் திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். யாரும் வேண்டாமென்று விட்டது என்று உண்மையிலேயே நினைத்தவனிடம் அது இருந்ததா என்பது விசாரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி. ஆகவே இது முழுமையான ஒப்புதல் ஆகாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஆவது பிரிவுப்படி, தான் ஒப்புக்கொள்வது என்ன, அதன் விளைவு என்ன என்று அவனுக்குப் புரிந்ததை உறுதிசெய்துகொண்டுதான் மாஜிஸ்திரேட் ஏற்க முடியும். இப்படி ‘ஆனால்’ வந்தால் மறுப்பாகப் பதிந்து விசாரணைக்குத் தேதி போட வேண்டும்.

பழைய சட்ட உதவி வழக்கறிஞருக்கு இந்த ‘ஆனால்’ உடனே காதில் விழும். அது அவருடைய பலம். ஜூருபாசா அதைச் சுருக்கி மலாயில் “மெங்ஙாக்கு” (ஒப்புக்கொள்கிறான்) என்று மட்டும் சொன்னால், தமிழ் தெரிந்த மாஜிஸ்திரேட் அவன் சொன்னதை முழுமையாக மொழிபெயர்க்கச் சொல்லிப் பதிவில் ஏற்ற வேண்டும். தன் காதில் விழுந்த தமிழை மனசுக்குள் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னால், மேல் நீதிமன்றத்தின் கைக்கு வருகிற பதிவேட்டில் அது இருக்காது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அவனுக்கு எதிர்வாதத்தை எடுத்துக் கொடுக்கத் தோன்றும். “நீ பழம் பொறுக்கும்போது பக்கத்தில் வேலி இருந்துச்சா?” என்று மாஜிஸ்திரேட்டே ஆரம்பித்தால் அரசுத் தரப்பு எழுந்து நிற்கும், அது நியாயமும்கூட. புரிந்ததா என்று கேட்கலாம், குழப்பத்தைத் தெளிவுபடுத்தலாம், அவனுக்காக வழக்கை நடத்தக் கூடாது. வக்கீல் இல்லாதவன் என்றால் சட்ட உதவி கேட்க அவகாசம் கொடுத்துத் தேதி தள்ளி வைப்பது சரியான வழி.

குடும்ப வழக்கிலும் தோட்டத்துப் பரிச்சயம் உதவும். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு ஒரே சட்டம், பதிவும் கட்டாயம். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்ட ஜோடிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்பதிலேயே தீர்ப்புகள் மாறி மாறி வந்திருக்கின்றன. விவாகரத்து கேட்டு வருகிற பெண்ணிடம் சட்ட உதவி அதிகாரி முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழ்தான். அது இல்லையென்றால் மனுவின் தலையெழுத்தே வேறு. பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை கேட்பது தனி வழி.

பதவி உயர்வைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய தவறு எதுவும் இல்லை. எழுதாமல் விட்ட தீர்ப்புக் காரணங்கள்தான். குற்ற வழக்கில் தண்டனைக்கு எதிராக 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு வரும். வந்தால் மாஜிஸ்திரேட் காரணங்களை எழுத்தில் தர வேண்டும்: என்ன குற்றச்சாட்டு, எந்தச் சாட்சியை நம்பினேன், எதை ஏன் ஒதுக்கினேன், தண்டனையில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தேன். நாளுக்கு நாற்பது ஐம்பது கோப்பு பார்க்கிறவர் “வார இறுதியில் எழுதலாம்” என்று தள்ளிவிடுவார். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்தால் சாட்சியின் முகமே மறந்திருக்கும். தீர்ப்புச் சொன்ன அன்றே ஒரு பக்கத்தில் காரணக் குறிப்பு எழுதிக் கோப்பில் செருகிவிடுவதுதான் இதற்கு மருந்து. வாதாடும் தொழிலிலிருந்து வருபவருக்கு இது கூடுதல் கஷ்டம். வாயால் பேசி வெல்லப் பழகியவர் அவர். அந்தப் பெண் இப்போதிருந்தே பழக வேண்டிய திறமை ஒன்று உண்டென்றால், மலாயில் நேராக, சுருக்கமாக எழுதுவது. 1963/67 தேசிய மொழிச் சட்டப்படி நீதிமன்ற மொழி மலாய்; நீதியின் நலனுக்காக ஆங்கிலத்தை அனுமதிக்கலாம். கட்சிக்காரர் பேசுவதோ தமிழ். மூன்றிலும் சரளம் வேண்டும்.

இரண்டாம் வாசல் உயர்நீதிமன்றத்தில். கூட்டரசு அரசமைப்பின் 123ஆவது பிரிவு கேட்பது இவ்வளவுதான்: குடிமகனாக இருக்க வேண்டும், நியமனத்துக்கு முந்தைய பத்து வருஷம் வழக்கறிஞராகவோ சேவை அதிகாரியாகவோ, சில காலம் இது சில காலம் அதுவாகவோ இருந்திருக்க வேண்டும். இந்தக் கடைசித் துண்டு உங்கள் கேள்விக்கு மிகவும் பொருந்தும். நான்கு வருஷம் சட்ட உதவி அதிகாரி, பிறகு ஆறு வருஷம் சொந்தமாக வழக்காடினார் என்றால் பத்து வருஷம் நிறைந்துவிட்டது, எதுவும் வீணாகவில்லை.

பத்து வருஷம் என்பது தகுதி மட்டும். தேர்வு செய்வது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த நீதித்துறை நியமன ஆணையம். அதில் ஒன்பது பேர். அவர்கள் பரிந்துரைத்து, பிரதமரின் ஆலோசனைப்படி, ஆட்சியாளர் மாநாட்டைக் கலந்தபின் மாமன்னர் உயர்நீதிமன்ற நீதிபதியை நியமிக்கிறார். பெரும்பாலோர் முதலில் நீதி ஆணையராகச் சில வருஷம் உட்கார வைக்கப்பட்டு, அங்கே எழுதிய தீர்ப்புகளைப் பார்த்துத்தான் நீதிபதியாக உறுதியாகிறார்கள். ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ், திவால் துறை ஆகியவற்றிடம் நியமன ஆணையம் பின்னணி கேட்கும். நேர்மை, அனுபவம், நேரத்தில் முடிவெடுக்கும் திறன், சட்டம் எழுதும் திறமை, உடல் மன நலம் இவை சட்டத்திலேயே எழுதிய அளவுகோல்கள். பணியில் இருக்கும் நீதிபதிக்கோ நீதி ஆணையருக்கோ, கெடு தாண்டி அறுபது நாளுக்கு மேலான தீர்ப்புகள் மூன்று நிலுவையில் இருந்தால் அடுத்த நியமனமே கிடையாது. நிலுவையைப் பற்றி நான் மேலே அவ்வளவு அழுத்தியதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வாசலுக்கும் வெளிப்படையான உதாரணம் உண்டு. 2019இல் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியான துங்கு மைமுன் சேவை வழியாக ஏறியவர். வழக்கறிஞர் தொழிலிலிருந்து 1994இல் நேரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போனவர் கோபால் ஸ்ரீ ராம். அது அபூர்வம், அதை வைத்து யாரும் திட்டம் போடக் கூடாது.

சட்ட உதவி வழக்கு மட்டுமே செய்தவருக்கு இரண்டாம் வாசலில் ஒரு குறை தெரியும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆயிரம் தடவை தண்டனைக் குறைப்புக்கு வாதாடினாலும், சட்டப் புள்ளியை எழுத்தில் வாதாடிய தடயம் இருக்காது. உயர்நீதிமன்ற மேல்முறையீடுகள், எழுத்து வாதங்கள், முழு விசாரணை நடத்திய கொலை அல்லது போதைப்பொருள் வழக்குகள் கையில் இருக்க வேண்டும். மரண தண்டனைக்குரிய வழக்கில் வக்கீல் வைக்க முடியாதவருக்கு உயர்நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். பணம் குறைவு, வேலை அதிகம். ஆனால் சட்ட உதவி மனமும் உயர்நீதிமன்ற அனுபவமும் சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதான்.

வருஷக் கணக்கு இப்படி வரும்: இருபதில் பல்கலைக்கழகம், இருபத்து நான்கில் பட்டம், இருபத்தைந்தில் சேம்பரிங் முடிவு. முதல் வாசல் என்றால் இருபத்தாறு, இருபத்தேழில் மாஜிஸ்திரேட் ஆகும் வாய்ப்பு உண்டு. செஷன்ஸ் அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல். உயர்நீதிமன்றம் சட்டப்படி முப்பத்தைந்தில் முடியும், நடைமுறையில் நாற்பத்தைந்துக்கு முன் எதிர்பார்க்காதீர்கள். உயர்நீதிமன்ற நீதிபதியின் ஓய்வு வயது 66.

சொந்த ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிபதியான பிறகு சுங்கை சிப்புட்டிலேயே உட்கார ஆசைப்படுவது இயல்பு, ஆனால் வேலைக்கு அது தொல்லை. கங்காணி மகன் கூண்டில், தமிழ்ப்பள்ளி ஆசிரியை சாட்சி, ஜாமீன்காரர் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று வந்தால் வழக்கிலிருந்து விலகிக்கொண்டே இருக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குப் போகலாம். நன்கொடை வசூல் அட்டையில் பெயர் போட விடக் கூடாது. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் “நம்ம பையன் கேஸ் ஒண்ணு…” என்று ஆரம்பித்தால் எழுந்து கை கழுவப் போய்விட வேண்டும்.

இந்த வருஷம் அந்தப் பெண் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி விடுமுறையில் இரண்டு நாள், ஊர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொதுமக்கள் இருக்கையில் போய் உட்காரட்டும். சிறார் வழக்கு தவிரப் பெரும்பாலானவை திறந்த நீதிமன்றம்தான், அனுமதிக் கடிதம் வேண்டாம். காலர் வைத்த சட்டை, மூடிய காலணி, கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு முன்னால் போகட்டும். காலையிலேயே வரிசையாகக் கோப்புகளைக் கூப்பிடுவார்கள். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் “ஆமா” சொன்ன பிறகும் என்ன சொன்னார்கள், அதில் எவ்வளவு மலாய்க்கு மாறிப் போய்ச் சேர்ந்தது என்று எழுதி வரட்டும்.